மாப்பிள்ளை கோட்டை பார்த்த கதை

நடப்பதில் எனக்கு என்றைக்குமே பிரியம் இருந்ததில்லை. எங்களுக்கு அருப்புக்கோட்டையில் சைக்கிள் சாமான் கடை. ஊரில் பாதிப் பேர் நடக்காமல் இருந்ததால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. பக்கத்துத் தெருவில் தீப்பெட்டி வாங்குவதற்கும் சைக்கிளை எடுக்கிறவன் நான். அப்படிப்பட்டவன் கத்திரி வெயிலில், கல்யாணத்துக்குப் போட்ட பூட்ஸோடு, கருவக்காடு, ஆறு, கரடு எல்லாம் தாண்டிப் போக நாலு மைல், வர நாலு மைல் நடந்து ஒரு இடிந்த கோட்டையைப் பார்த்துவிட்டு வந்தேன் என்றால் அதற்கு என் மனைவிதான் காரணம். அவள் எங்களோடு வரவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. என் மனைவி ஆசிரியர் பயிற்சி முடித்தவள். நரிக்குடிப் பக்கம் பாதிரியார் ஒருவர் நடத்திய பள்ளிக்கூடத்துக்குக் கல்யாணத்துக்கு முன்பே எழுதிப் போட்டிருந்தாள். அதற்குப் பதில் இப்போது வந்தது. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது வந்து சேரலாம், சம்மதக் கடிதத்தை வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் சேர்த்துவிட வேண்டும். அவள் அதை என்னிடம் காட்டி, "என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

"எனக்கு ஒன்னும் இல்ல. வீட்ல என்ன சொல்வாகளோ" என்றேன். பெரிய மனதோடு சொன்னதாகத்தான் அன்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் என்றால் என் அம்மா. அம்மாவிடம் போனபோது, "பொண்ணைப் பெத்தவுக சம்மதிச்சா எங்களுக்கென்ன வந்துச்சு" என்று சொல்லிவிட்டார்கள். பெற்றவர்கள் சம்மதிக்கவே மாட்டார்கள் என்ற தைரியத்தில் சொன்னது அது. ஆக, அவள் அப்பா வாயைத் திறந்து சரி என்று சொன்னால் வேலை உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் இல்லை.

"எங்கப்பாவுக்குக் கட்டிக் குடுத்த பொண்ணு வேலைக்குப் போறது புடிக்காது. சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாகளோன்னு வேணாம்னுருவாரு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மறுக்க மாட்டாரு" என்றாள் மனைவி. திங்கட்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறி அவள் ஊருக்குப் போனோம். திருச்சுழியிலிருந்து பரளச்சிப் பக்கம் போகும் ரோட்டில் இறங்கி உள்ளே போக வேண்டிய ஊர்.

ஒரு வார்த்தை சொல்வதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்துக்காரர்களாக இருக்க முடியாது. எங்கள் பக்கம் மாமனாரும் புது மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. பகையெல்லாம் ஒன்றுமில்லை, அது மரியாதை. என் மாமனார் எனக்கு எதிரே ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, சமையல்கட்டைப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு இட்லி வேணுமான்னு கேளு" என்பார். சமையல்கட்டிலிருந்து மாமியார் வந்து, "மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு இட்லி வேணுமான்னு கேக்குறாக" என்பார். நான் மாமியாரிடம் "போதும்" என்பேன். மாமியார் திரும்பிப் போய் மாமனாரிடம், "போதும்ங்கிறாக" என்பார். நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும், ஆனாலும் மாமியார் சொன்ன பிறகுதான் தலையை ஆட்டுவார். இப்படி ஓடுகிற வீட்டில் 'உங்கள் மகளை வேலைக்கு அனுப்புங்கள்' என்று எந்த இட்லிக்கு நடுவில் சொல்வது?

திங்கள் போனது. செவ்வாய் போனது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மனைவி, "வீட்டுக்குள்ள வச்சு முடியாது. எங்கயாச்சும் தூரமா நடந்து போங்க. நடக்கும்போது ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க வேண்டியதில்ல, பேச்சு தன்னால வரும்" என்றாள். நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.

புதன்கிழமை மத்தியானச் சாப்பாட்டில், சோற்றைப் பார்த்துக்கொண்டே பொதுவாகச் சொன்னேன். "ஆத்துக்கு அந்தப் பக்கம் பழைய கோட்டை ஒன்னு கிடக்காமே. பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. மாமா கூட்டிட்டுப் போனா நல்லா இருக்கும்."

அந்தக் கோட்டையைப் பற்றி நான் கேள்விப்பட்டதே அதற்கு அரைமணி நேரம் முன்புதான். எந்தக் காலத்துப் பாளையக்காரர் கட்டியதோ, ஊருக்குள் கோட்டைமேடு என்று சொல்வார்கள். நானும் மாமனாரும் மட்டும் காலையில் கிளம்பி, காற்று வாங்கிக்கொண்டே போய், வழியில் விஷயத்தை முடித்துவிட்டு, பாதியிலேயே திரும்பிவிடலாம் என்பது என் கணக்கு.

புது மாப்பிள்ளை வாய் திறந்து ஒன்றைக் கேட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். வியாழக்கிழமை விடிந்தபோது வாசலில் ஒரு கூட்டமே நின்றது. மாப்பிள்ளை தலையில் வெயில் படக்கூடாது என்று மாமனாரின் தம்பி, அதாவது சின்ன மாமா, தாழம்பூ நிறக் கைப்பிடி போட்ட கறுப்புக் குடையோடு நின்றார். புது மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு மூத்த மாப்பிள்ளையை விட்டுவிட்டால் அவருக்குக் குறையாகிவிடும் என்று பாலவனத்தத்திலிருந்து என் சகலையை வரவழைத்துவிட்டார்கள். மனைவியின் அக்காவைக் கட்டியவர் அவர். முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் வந்து இறங்கியிருந்தார்கள். மாப்பிள்ளை மத்தியானம் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட முடியாது, இலை போட்டுப் பரிமாற ஆள் வேண்டும் என்பதால் அந்த அக்காவும் தூக்குவாளிகளோடு கிளம்பி நின்றார்கள். புளிச்சோற்று வாளிக்கு மேல் ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் வைத்திருந்தது. காட்டு வழியில் சோறு கொண்டு போனால் காத்து கருப்பு தொடரக்கூடாது என்பதற்காக.

"நீ வரலையா?" என்று மனைவியைக் கேட்டேன்.

"பொறந்ததுல இருந்து பாத்த கல்லுதான். நீங்க போயிட்டு வாங்க" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

ஆறு மணிக்குக் கிளம்புவதாகப் பேச்சு. மாப்பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியாது என்று இட்லி, வடை, கேசரி எல்லாம் முடிந்து கிளம்பும்போது எட்டரை. வெயில் எங்களுக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டது.

சின்ன மாமா என்னைவிட ஒரு முழம் குட்டை. அவர் எவ்வளவு உயர்த்திப் பிடித்தாலும் குடைக்கம்பி என் காது மட்டத்தில்தான் வந்து நின்றது. நான் குனிந்து நடந்தால் அவர் எனக்கு மரியாதை கொடுத்துத் தானும் குனிந்தார். அதனால் குடை இன்னும் கீழே இறங்கியது. ஒரு பர்லாங்கு தூரம் இப்படி இரண்டு பேரும் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி போனோம். "மாமா, குடை வேணாம், நான் வெயிலுக்குப் பழகுனவன்தான்" என்றேன். "அண்ணன் என்னைக் கொன்னுருவாரு மாப்ளே" என்றார். அதற்கு மேல் அவரைக் கட்டாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

மாமனார் எங்களுக்கு இருபதடி முன்னால், டயர் செருப்போடு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நான் வேகமாக நடந்தால் மாப்பிள்ளை அவசரப்படுகிறார் என்று அவரும் வேகமாக நடந்தார். நான் மெதுவாக நடந்தால் மாப்பிள்ளைக்கு அலுப்பு என்று அவரும் மெதுவானார். எப்படிப் போட்டாலும் இருபதடி குறையவில்லை.

நடுவில் சகலை. சகலைக்குத் தெரியாத விஷயம் கிடையாது, பேசாத நேரமும் கிடையாது. கருவமரம் எப்படி வந்தது, எந்த மந்திரி ஹெலிகாப்டரிலிருந்து விதையைத் தூவினார், அந்த ஹெலிகாப்டர் எந்த வயலில் இறங்கியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். காடு என்று சொன்னேனே தவிர, நிழல் தருகிற மரம் என்று அதில் ஒன்றும் கிடையாது. இரண்டு பக்கமும் கருவை, நடுவில் ஆட்டுத்தடம், கீழே முள். பூட்ஸின் அடி தடிமன்தான், ஆனால் கருவமுள்ளுக்கு அது ஒரு பொருட்டில்லை. அந்த பூட்ஸ் மாமனார் வீட்டில் எனக்குக் கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்தது. அதைப் போடாமல் அவர்கள் ஊரில் நடந்தால் பூட்ஸ் பிடிக்கவில்லை என்று அர்த்தமாகிவிடும். முள் குத்தியதும் நின்றேன். நின்றதும் எல்லோரும் நின்றார்கள். உட்கார்ந்தால் முள்ளை எடுத்துவிடலாம். ஆனால் மாமனார் நிற்கும்போது நான் எப்படி உட்காருவது? மாப்பிள்ளை நிற்கும்போது அவர் எப்படி உட்காருவார்? இரண்டு பேரும் உட்காராதபோது மற்றவர்கள் எப்படி உட்காருவார்கள்? ஒற்றைக் காலில் நின்றபடி, சின்ன மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு முள்ளை எடுத்தேன். போக நாலு மைலும் எங்களில் ஒருவர்கூட உட்காரவில்லை என்பதைச் சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை.

காடு முடிகிற இடத்தில் பத்துப் பதினைந்து வீடுகள். அதில் இரண்டு வீடு மாமனாருக்குப் பங்காளி வீடு, ஒன்று சின்ன மாமாவின் மச்சினன் வீடு. புது மாப்பிள்ளை வாசல் தாண்டிப் போகும்போது கை நனைக்காமல் விட்டால் அவர்களுக்குச் சாகும்வரை மனக்குறை. முதல் வீட்டில் வாசலில் நின்றபடியே பதநீர். இரண்டாவது வீட்டில் மோர், அது முடிந்ததும் நுங்கு. மூன்றாவது வீட்டில் என்ன கொடுப்பது என்று தெரியாமல் தவித்து, பெட்டிக்கடைக்கு ஆள் அனுப்பிக் கலர் சோடா வாங்கி வந்து உடைத்துக் கொடுத்தார்கள். ஒன்றையும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. ஒரு வீட்டில் குடித்துவிட்டு இன்னொரு வீட்டில் மறுத்தால் அடுத்த பத்து வருஷத்துக்கு அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இருக்காது.

இதன் பலன் அரை மைலுக்குள் தெரிந்துவிட்டது. "ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு ஒரு உடைமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். தலைக்கு மேல் திடீரென்று இருட்டியது. திரும்பிப் பார்த்தால் சின்ன மாமா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, எனக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"மாமா, இதுக்குமா?" என்றேன்.

"நான் பாக்கல மாப்ளே" என்றார்.

குண்டாற்றில் அந்த மாதத்தில் தண்ணீர் என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. மணல்தான் ஆறு. மாமனார் நடு ஆற்றில் குனிந்து நின்று கையால் மணலைப் பறித்து ஊற்று தோண்ட ஆரம்பித்தார். சின்ன மாமாவைக் கூப்பிட்டு, "நீ போயி அந்தக் கரையில பாதை இருக்கான்னு பாரு. மாப்பிள்ளையையும் கூட்டிட்டுப் போ" என்றார். கடைசியில் சொன்ன மாப்பிள்ளை சகலை. அக்கா வாளிகளை இறக்கி வைத்துவிட்டுக் கரையோர நிழலுக்குப் போய்விட்டார்கள். நான் திகைத்துப் போனேன். ஆற்றுக்கு நடுவில் நானும் மாமனாரும் மட்டும். குடைகூட இல்லை.

இதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று தெரிந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாமா" என்றேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்து நின்றார். மணல் கையோடு என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது பயம் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு அக்கரையைப் பார்த்து, "ஏலே, இங்க வா. மாப்பிள்ளைக்கு என்னமோ வேணுமாம். என்னன்னு கேளு" என்று கத்தினார்.

சின்ன மாமா மணலில் ஓடி வந்து, மூச்சு வாங்க, "என்ன மாப்ளே வேணும்?" என்றார்.

"தண்ணி" என்றேன். வயிற்றில் பதநீர், மோர், கலர் எல்லாம் இருக்கும்போது ஊற்றுத் தண்ணீரையும் ஒரு செம்பு குடித்தேன்.

எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு பெண் ராத்திரியெல்லாம் கண் விழித்துப் படித்து, எழுதிப் போட்டு, வேலை வாங்கியிருக்கிறாள். அதைப் பற்றி ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்க இந்த மனிதருக்கு முடியவில்லை. இப்படித்தான் அந்தக் கரையேறும்போது நினைத்துக்கொண்டு போனேன். பத்து நாளைக்கு முன்பு 'எனக்கு ஒன்னும் இல்ல' என்று நழுவிய ஆள் நானே என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. நடந்த மைல்களும் குத்திய முட்களும் சேர்ந்து அந்த வேலையை எனக்கு ரொம்ப முக்கியமாக்கிவிட்டன. இவ்வளவு பாடுபட்ட பிறகு அவள் அதில் சேராமல் இருப்பதாவது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கரடு பெரிய உயரமில்லை. செம்பாறையும் சப்பாத்திக்கள்ளியுமாக ஒரு மேடு, அவ்வளவுதான். உச்சிக்குப் போனதும் அந்தப் பக்கம் கோட்டை தெரிந்தது. கோட்டை என்றால் ஆள் உயரத்துக்கு ஒரு நீளச் சுவர், மூலையில் பாதி சரிந்த கொத்தளம், உள்ளே ஒரு கிணறு, வேப்பமரம், நாலைந்து வெள்ளாடுகள். இதற்காகவா நடந்தோம் என்று நான் நினைத்ததை எல்லோரும் நினைத்திருப்பார்கள். ஆனால் மாப்பிள்ளை ஆசைப்பட்டது என்பதால் ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை. நான் ஆசைப்பட்டவன் என்பதால் நானும் காட்டிக்கொள்ள முடியவில்லை.

"அடடா, என்ன கட்டடம்" என்றேன்.

"அந்தக் காலத்துல ஏழு மாடி சகலை" என்று ஆரம்பித்தார் சகலை. "இங்கருந்து மதுரைக்குச் சுரங்கம் போகுது. குதிரையிலயே போவாக. வெள்ளைக்காரன் மூணு மாசம் முத்துகை போட்டு, கடைசியில..."

"ஏழு மாடியும் இல்ல, சுரங்கமும் இல்ல" என்றார்கள் அக்கா. வேப்பமர நிழலில் இலைகளைத் துடைத்துக்கொண்டே, நிமிராமல் சொன்னார்கள். "நான் ட்ரெய்னிங் படிக்கும்போது எங்க டீச்சரம்மா இங்க கூட்டிட்டு வந்தாக. அளந்து படமெல்லாம் போட்டோம். இது நெல்லு வைக்கிற கிட்டங்கியும் காவக்காரவுக தங்குற எடமும்தான். சண்டையில ஒன்னும் இடியல. ஊர்க்காரவுக வீடு கட்டச் செங்கலை ஒவ்வொன்னா எடுத்துட்டுப் போயிட்டாக."

"எந்த ஊர்க்காரவுக?" என்று விறைப்பாகக் கேட்டார் சின்ன மாமா.

"நம்மதான். நம்ம மாட்டுத் தொழுவுச் செவரு எந்தச் செங்கல்னு நெனைச்சீக? இங்க நிக்கிறதைவிட அங்கதான் நெறைய இருக்கு."

சின்ன மாமா சுவரில் ஒரு செங்கல்லைத் தடவிப் பார்த்தார். அகலமான, தட்டையான செங்கல். "ஆமா, அதேதான்" என்றார். நாலு மைல் நடந்து வந்து பார்த்த கோட்டை, மூன்று நாளாக நான் பல் விளக்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறது. அதைக் கேட்டதும் என் கால் இரண்டு மடங்கு வலித்தது.

சகலை விடவில்லை. சுரங்கத்தின் வாயை நேரில் பார்த்த ஒருவரைத் தனக்குத் தெரியும் என்று சின்ன மாமாவைப் பிடித்துக்கொண்டார். சின்ன மாமா குடையை விரித்த வாக்கிலேயே வேப்பமரத்தில் சாய்ந்து, கண்ணை மூடி, கேட்டுக்கொண்டிருப்பவர் போலத் தூங்கிவிட்டார். மாமனார், "அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எங்கோ போய்விட்டார்.

எனக்கு ஒரு சிகரெட் பிடித்தால்தான் தலை நிற்கும் போலிருந்தது. மூன்று நாளாகப் பிடிக்கவில்லை. கல்யாணம் பேசும்போது எங்கள் தரகர், "பையனுக்கு வெத்தலை பாக்குப் பழக்கம்கூடக் கிடையாது" என்று அடித்துச் சொல்லியிருந்தார். சட்டைப்பையில் ஒரே ஒரு சிகரெட், நசுங்கிப்போய். "பின்னாடி செவரு எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாரேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கொத்தளத்தைச் சுற்றிக்கொண்டு போனேன். மூலை திரும்புவதற்கு முன்பே சிகரெட்டை வாயில் வைத்து, தீக்குச்சியைக் கிழித்துவிட்டேன்.

மூலைக்கு அந்தப் பக்கம் மாமனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வாயில் பற்றவைக்காத பீடி. இரண்டு கையாலும் மடியில் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதே தரகர்தான் எங்கள் அம்மாவிடம், "பொண்ணு வீட்ல பீடிப் புகை ஆகவே ஆகாது, அப்படி ஒரு சுத்தமான குடும்பம்" என்று சொன்னவர்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஓடுவதற்கு இரண்டு பேருக்கும் இடமில்லை. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கள்ளி. குச்சி எரிந்து என் விரலைச் சுட்டது. அதைப் போட்டுவிட்டு, என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே இன்னொன்றைக் கிழித்து, குனிந்து, அவர் பீடிக்கு நீட்டினேன்.  அவர் என் கையைத் தன் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு பற்றவைத்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டைவிட்டுக் கிளம்பிய பிறகு முதல் தடவையாக உட்கார்ந்தது அப்போதுதான்.

"எத்தனை வருசமா?" என்று கேட்டார். அவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"காலேஜ்ல இருந்து. நீங்க?"

"எளவட்டத்துல இருந்து. வீட்ல சொல்லிராதீக."

"எந்த வீட்ல மாமா?"

"ரெண்டு வீட்லயும்தான்" என்றார்.

இரண்டு இழுப்பு இழுத்தோம். பிறகு நான், "மாமா, ஒரு விசயம்" என்றேன். அதே நேரத்தில் அவரும், "மாப்ளே, ஒரு விசயம்" என்றார். "நீங்க சொல்லுங்க" என்றேன். "இல்ல, மாப்பிள்ளை மொதல்ல" என்றார். இப்படியே விட்டால் பொழுது சாய்ந்துவிடும் என்று தெரிந்தது. மூன்று மைலாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்ததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

"அவ நல்லாப் படிச்சவ மாமா. அவளுக்கு நரிக்குடிப் பக்கம் வேலை வந்திருக்கு. நாளைக்குள்ள பதில் போடணும். கட்டிக் குடுத்த பொண்ணு வேலைக்குப் போறதான்னு நீங்க தடை சொல்லக் கூடாது. எங்க வீட்ல என்ன நினைப்பாகங்கிறதை நான் பாத்துக்கிறேன். தினமும் நானே பஸ்ஸுல ஏத்தி விடுறேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."  

அவர் கையில் பீடி அணைந்துவிட்டது. "நானா தடை சொல்றேன்?" என்றார். "மாப்ளே, நீங்கதான் வேணாம்னு நிக்கிறீகன்னு அவ சொன்னா. 'அவுக மனசு வைக்க மாட்டேங்கிறாகப்பா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா மறுக்க மாட்டாக'ன்னு திங்கக்கிழமை வந்து எறங்குனதுமே சொல்லிட்டா. மூணு நாளா எனக்குத் தூக்கமில்ல. மாப்பிள்ளைகிட்ட எப்படிப் போயி எம் பொண்ணை வேலைக்கு விடுங்கன்னு கேக்குறது? ஆத்துல அதுக்குத்தான் எல்லாரையும் அந்தப் பக்கம் அனுப்புனேன். நீங்க மாமான்னதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கிருச்சு."

"நடந்து போகச் சொன்னது?"

"என்கிட்டயும் அவதான் சொன்னா. நடக்கும்போது மூஞ்சியப் பாக்க வேண்டியதில்லைன்னு."

 முதலில் சிரித்தது அவர்தான். சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. எட்டு மைலுக்கு ஏற்பாடு செய்துவிட்டு வீட்டில் நிழலில் உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைத்தால் கோபம் வர வேண்டும். வரவில்லை. அவளைக் கட்டிக்கொண்டதில் எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

"கழுதை" என்றார் மாமனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இதுக்கு இவ்வளவு சுத்தி வளைக்கணுமா? என்கிட்ட நேரா வந்து கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லிருக்கப் போறேன்? நான் என்ன அப்படிப்பட்ட ஆளா மாப்ளே?"

"இலை போட்டாச்சு" என்று குரல் கேட்டது. கொத்தளத்தின் மூலையில் அக்கா நின்றுகொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாக நின்றார்களோ தெரியவில்லை. நானும் மாமனாரும் ஒரே நேரத்தில் கையிலிருந்ததை மணலில் புதைத்தோம். அக்கா அதைப் பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. "சாப்பிட வாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள்.

சாப்பாட்டில் மாமனார் என்னைப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் புளிச்சோறு வச்சுக்கங்க மாப்ளே" என்று நேராகச் சொன்னார். சகலை சுரங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தார். சின்ன மாமா தூக்கத்திலிருந்து எழுந்து, அண்ணனுக்கு வெயில் ஏறிவிட்டதோ என்று குடையை அவர் பக்கம் திருப்பினார். அக்கா எல்லோருக்கும் ஒரே மாதிரி பரிமாறினார்கள். கோட்டையில் சகலையை அவ்வளவு திருத்திப் பேசியவர்கள், திரும்பி வருகிற நாலு மைலும் ஒரு வார்த்தை பேசவில்லை. வெயிலில் நடந்த களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நானும் மாமனாரும் முன்னால் போனோம். பஸ் நேரம், சைக்கிள் பிரீவீல் விலை, மழை என்று ஓயாமல் பேசிக்கொண்டே நடந்தோம். மூன்று மாதப் பேச்சு இரண்டு பேரிடமும் சேர்ந்து கிடந்தது போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மாமனார் வாசலில் நின்றே மகளிடம், "பதிலைப் போட்டுரும்மா" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். நான் உள்ளறைக்குப் போய் பூட்ஸைக் கழற்றினேன். சம்மதக் கடிதத்தை அவள் எடுத்து நீட்டினாள். உறைக்குள் போட்டு, முகவரி எழுதி, தபால்தலை ஒட்டியிருந்தது. எப்போது எழுதினாய் என்று கேட்டேன். அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்புவதற்கு முன்பே என்றாள்.

பாதத்தில் நாலு கொப்புளம். தோற்றவனுக்கு ஒரு வாதமாவது வேண்டுமே என்று ஆரம்பித்தேன். "எல்லாம் சரி. உங்கப்பா உன்னை விவரமில்லாதவங்கிறாரு. நேரா வந்து கேட்டிருந்தா அப்பவே சரின்னு சொல்லிருப்பாராம். என் முன்னாடி அவரே சொன்னாரு. எங்களை இப்படி அலைய விட்டிருக்க வேண்டியதே இல்ல."

அவள் என் காலுக்குத் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து உட்கார்ந்தாள். வெளியே கிணற்றடியில் அவள் அக்கா தூக்குவாளிகளை விளக்கிக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவர்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, சத்தம் வெளியே போகாதபடி சொன்னாள்.

"அக்காவுக்கும் வேலை வந்துச்சு. அவ நேராத்தான் போயிக் கேட்டா."